கரண்ட் ஆபீசுக்கு நான் எழுதிய நாலு பக்கம்

எனக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷில்தான் வரும். இது பெருமை இல்லை, வியாதி. அறுபதுகளின் ஆரம்பத்தில், டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, ஃபோர்ட் கொச்சியில் ஒரு தேயிலைக் கம்பெனியில் சேர்ந்த கையோடு இந்த வியாதி என்னைப் பிடித்தது. துரைமார் எழுதும் கடிதங்களை நாள் முழுக்க டைப் அடித்து அடித்து, நானும் ஒரு துரை என்ற எண்ணம் எனக்குள் குடியேறிவிட்டது. (சம்பளம் மட்டும் குமாஸ்தா சம்பளமாகவே இருந்தது.) பஸ் தாமதமா, பால்காரன் தண்ணீர் கலந்தானா, உடனே ஒரு பெட்டிஷன். பால்காரனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்பதை நான் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

அப்போது நாங்கள் மட்டாஞ்சேரியில் குடியிருந்தோம். அப்பாவுக்கு பஜார் ரோட்டில் ஒரு மிளகு மண்டியில் கணக்கெழுதும் வேலை. அம்மா, நான், தங்கை ஜானகி. வீட்டில் ஐந்து பல்புகள். ரேடியோ கிடையாது, ஃபேன் கிடையாது. கரண்ட் பில் மாதம் மூன்று ரூபாயைத் தாண்டியதே இல்லை. அந்த ஜனவரியில் இருபத்தெட்டு ரூபாய் வந்தது.

ஜானகிக்கு மார்ச்சில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை. பாஸானால் டீச்சர் ட்ரெயினிங், ஃபெயிலானால் கோயம்புத்தூர் அத்தை பிள்ளையோடு கல்யாணம் என்று அப்பா கறாராகச் சொல்லியிருந்தார். அத்தை பிள்ளை நல்லவன்தான். சாப்பிட்டவுடன் தூங்குவான், எழுந்தவுடன் சாப்பிடுவான், வேறு குறை சொல்ல முடியாது. ஜானகி உயிரை விட்டுப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பா பில்லைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் பணத்தை எண்ணி என் கையில் வைத்தார்.

"ஆபீஸ் போற வழியில கட்டிட்டுப் போ. வேறொண்ணும் பண்ண வேண்டாம், கேட்டியா மணி?"

கேட்டது. ஆனால் நான் கட்டவில்லை. ஐந்து பல்புக்கு இருபத்தெட்டு ரூபாயா என்று எனக்குள் இருந்த துரை துள்ளிக் குதித்தார்.

கரண்ட் ஆபீசில் இருந்தவர் குறுப்பு என்ற கிளார்க். முதல் நாலு தடவையும் அவருடைய வழுக்கையைத்தான் பார்த்தேன், முகத்தைப் பார்த்ததில்லை. ரெஜிஸ்டரிலிருந்து தலையை எடுக்காமலே, "ஆத்யம் பைசா அடய்க்கணும் ஸ்வாமீ. பின்னெ பராதி" என்றார். அதாவது, பில் தப்பு என்று புகார் கொடுக்க வேண்டுமானால், அந்தத் தப்பான பில்லை முதலில் கட்டி ரசீதோடு வர வேண்டும். கட்டிவிட்டால் அப்புறம் புகார் எதற்கு என்று கேட்டேன். அதைத்தான் தானும் கேட்பதாகச் சொன்னார்.

எழுத்தில் கொடுத்துவிடலாம் என்று, அங்கேயே தபால் வாங்கும் ஜன்னலுக்குப் போனேன். முத்திரை குத்துகிறவர் சாயா குடிக்கப் போயிருந்தார். பத்து மணிக்குப் போனவர் பதினொன்றுக்கு வந்தார். பதினொன்றுக்கு அந்த ஜன்னலை மூடிவிடுவார்களாம், அவரே வந்து மூடினார். மேலதிகாரியைப் பார்க்கிறேன் என்றேன். அவர் கும்பளங்கிக்கு கேம்ப் போயிருந்தார். நான் நடையாய் நடந்த மூன்று வாரமும் கும்பளங்கியிலேயே இருந்தார். (கும்பளங்கியில் எனக்குத் தெரிந்தவரிடம் விசாரித்தேன். அப்படி ஒரு மனிதர் வந்த விவரமே அங்கே யாருக்கும் தெரியவில்லை.)

இதற்கிடையில் அப்பா ஒருநாள், பில் கட்டியாகிவிட்டதா என்று கேட்டார். கட்டியாகிவிட்டது என்றேன். வாயில் சுலபமாகத்தான் வந்தது.

அன்றைக்கே, கம்பெனி டைப்ரைட்டரில், கம்பெனி காகிதத்தில், நாலு பக்கம் அடித்தேன். துரை உபயோகித்த வாக்கியம் ஒன்றையும் பாக்கி வைக்கவில்லை. பொறுப்புள்ள அதிகாரி நேரில் வந்து சாட்சிகள் முன்னிலையில் மீட்டரைச் சோதிக்க வேண்டும், குற்றவாளி யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் இல்லாமல் கடும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்து, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன்.

என் ஆயுளில் பதில் கிடைத்த பெட்டிஷன் அது ஒன்றுதான். பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லீவு நாள் என்றும் பார்க்காமல், ஏணியோடு ஒரு ஓவர்சியரும் ரெஜிஸ்டரோடு குறுப்பும் எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். சாட்சிகளுக்காக நான் தெருவையே கூட்டிவிட்டேன். எதிர்வீட்டு மாமி அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

ஓவர்சியர் ஏணியில் ஏறி நம்பரை வாசித்தார். குறுப்பு ரெஜிஸ்டரைப் பார்த்தார். ஓவர்சியர் திரும்ப வாசித்தார். விஷயம் வெளியே வந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் குளவி கூடு கட்டியிருந்ததால், ரீடிங் எடுக்க வருகிறவன் ஏறவே இல்லை. கீழே நின்று குத்துமதிப்பாக ஒரு நம்பரைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறான். சரியான கணக்குப்படி பில் அறுபது ரூபாய்க்கு மேலே போனது. ஆபீஸ் தப்புப் பண்ணியிருக்கிறது என்று நான் சொன்னது சரிதான். தப்பு எங்கள் பக்கம் லாபமாக இருந்தது.

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். மூடினேனா? ஐந்து பல்பு, ரேடியோ இல்லை, இஸ்திரிப் பெட்டிகூட இல்லை, இது பகல் கொள்ளை என்று எனக்குத் தெரிந்த மூன்று பாஷையிலும் கத்தினேன்.

குறுப்பு முதல் முறையாகத் தலையை நிமிர்த்தி என் முகத்தைப் பார்த்தார். பிறகு எங்கள் மாடி ஜன்னலைப் பார்த்தார். அங்கிருந்து தெருவைத் தாண்டி எதிரே பஜனை மடம் வரைக்கும் ஒரு கறுப்பு வயர் போய்க்கொண்டிருந்தது.

"சாஸ்தா ப்ரீதிக்கு ஞானும் உண்ணான் வந்நிருந்நு, ஸ்வாமீ. பகல் போலெ வெளிச்சம். ஆ கரண்ட் எவிடெந்நாயிருந்நு?"

அதாவது, சாஸ்தா ப்ரீதிக்கு அவரும் சாப்பிட வந்திருந்தாராம், பகல் மாதிரி எரிந்த அந்த வெளிச்சத்துக்குக் கரண்ட் எங்கிருந்து வந்தது என்று கேட்டார்.

மண்டல காலத்தில், டிசம்பர் வாக்கில், எங்கள் தெருவில் சாஸ்தா ப்ரீதி என்று ஐயப்பனுக்கு மூன்று நாள் பூஜை, பஜனை, ஊருக்கே சாப்பாடு. பஜனை மடத்தில் கரண்ட் கிடையாது, பெட்ரோமாக்ஸ்தான். அந்த வருஷம் லைட்டுக்கும் மைக்குக்கும் கமிட்டித் தலைவன் நான். காலம் மாறிவிட்டது என்று ஒரு பிரசங்கம் செய்து, எங்கள் வீட்டு ஜன்னல் வழியாக வயர் இழுத்து, பந்தல் முழுக்கப் பல்பு மாலையும் நாலு ஒலிபெருக்கியும் போட்டேன். ஃபியூஸ் மூன்று தடவை போயிற்று. மைக் செட்காரன் தடிமனான கம்பியைச் சுற்றிச் சரிபண்ணினான்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. ப்ரீதிக்கு யார் வீட்டிலிருந்து எத்தனை தேங்காய், எத்தனை படி அரிசி போயிற்று என்று அப்புறம் யாரும் பேச மாட்டார்கள். சாமிக்குக் கொடுத்ததை நினைத்துப் பார்த்தாலே பாவம். தேங்காயை மறந்த மாதிரியே நான் கரண்டையும் மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்துவிட்டேன். அந்த வயரைக் கழற்றக்கூட மறந்திருந்தேன்.

அம்மாவைத் திரும்பிப் பார்த்து, உனக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியாம பின்னே? சாஸ்தாவுக்குக் குடுத்ததைத் திரும்ப எடுத்துச் சொல்லப்படாதே. அதான் மிண்டாம இருந்தேன்."

அப்பாவுக்கும் தெரியும். அதனால்தான் பேச்சில்லாமல் பணத்தை எண்ணிக் கொடுத்தார். எதிர்வீட்டு மாமிக்குத் தெரியும். தெருவுக்கே தெரியும். பக்தி காரணமாக அத்தனை பேரும் மௌனமாக நின்று நான் கத்துவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வீட்டுக் கரண்டை அனுமதியில்லாமல் வெளியே கொடுத்தது குற்றம் என்றார் ஓவர்சியர். பழைய பில்லையே இன்னும் கட்டவில்லையே என்றும் கேட்டார். அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு அடி கொடுத்திருந்தால் தேவலை என்று தோன்றியது. ஓவர்சியர் பையிலிருந்து என் பெட்டிஷனை எடுத்து, கடைசிப் பக்கத்தைப் புரட்டி, குற்றவாளி யாராக இருந்தாலும் தயவு தாட்சண்யம் வேண்டாம் என்ற வரியை நல்ல உச்சரிப்போடு உரக்கப் படித்தார். பிறகு ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

அபராதம் கட்டி, புது விண்ணப்பம் கொடுத்து, திரும்ப கரண்ட் வர ஏழு வாரம் ஆயிற்று. அதே ஜன்னல், அதே முத்திரைக்காரர், அதே சாயா. பரீட்சைக்கு ஐந்து வாரம்தான் இருந்தது.

அரிக்கேன் விளக்குப் புகையில் ஜானகிக்குத் தலைவலி வந்தது. அதனால் சாயங்காலமானால் முனிசிபாலிட்டி தெருவிளக்கின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்து படித்தாள். கொச்சிக் கொசு சாமானியப்பட்டதல்ல, காலை யானைக்கால் ஆக்கிவிடும். அப்பா தீர்ப்புச் சொன்னார்: அவள் படித்து முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்று விசிறியால் கொசு ஓட்ட வேண்டும். தெருவில் போகிறவர்கள் எல்லாரும் நின்று, ஏன் மணி, பெட்டிஷன் கொடுக்கவில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். வெட்கத்தைவிடப் பயம்தான் பெரிதாக இருந்தது. என் வாய்க்கொழுப்பால் அவள் படிப்பு போய்விடுமோ என்றிருந்தது. ஒருநாள் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் தோத்தேன்னா, அத்தை பிள்ளைக்கு நீயே கழுத்தை நீட்டு. இப்போ விசிறு."

பாஸ் பண்ணினாள். டீச்சரானாள், ஹெட்மிஸ்ட்ரஸும் ஆனாள். அவள் ரிட்டயர் ஆன அன்று பள்ளிக்கூடத்தில் பெரிய பாராட்டுக் கூட்டம். ஒரு பிரமுகர் மைக்கைப் பிடித்து, கொடிய வறுமையில், வீட்டில் விளக்குக்கூட இல்லாமல், தெருவிளக்கில் படித்து முன்னுக்கு வந்த வீராங்கனை என்று உருகினார். பிள்ளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும்தான் துடைத்துக்கொண்டேன்.

ஜானகி பதில் சொல்ல எழுந்தாள். "வறுமையெல்லாம் ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் கரண்ட் இருந்தது. ஓர் அண்ணாவும் இருந்தார். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை" என்று மலையாளத்தில் சொல்லி, மூன்றாவது வரிசையில் இருந்த என்னைக் கையால் காட்டினாள். கூட்டம் முழுவதும் எழுந்து திரும்பிப் பார்த்தது.

அதிலிருந்து எங்கள் வீட்டில் எந்த பில்லும் என் கண்ணில் படுவதில்லை. போன வாரம் கரண்ட் பில் வந்தது போலிருக்கிறது. மருமகள் அதை மடித்து அரிசி டப்பாவுக்குள் போடுவதைப் பார்த்தேன். எவ்வளவு என்று கேட்டேன். அவள் டப்பாவை இறுக்க மூடினாள்.

"வேண்டாம்ப்பா. குழந்தைக்குப் பரீட்சை நடக்கறது."