பழுக்காத தார்

திருச்சியில் பாதிக் குடித்தனங்கள் பிரியாமல் இருந்ததற்குக் காரணம் தார்க்காரர்தான் என்று நான் சத்தியமே செய்வேன். மீதிப் பாதி, அவரிடம் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்கள்.

யுத்தத்துக்கு முந்தைய காலம். மலைக்கோட்டை அடிவாரத்தில் வாழைத்தார்க் கடை வைத்திருந்தார். சுகப்பிரசவமானால் தாயுமானவருக்குத் தார் செலுத்துவதாக வேண்டிக்கொண்டவர்கள் அவரிடம்தான் வருவார்கள். வந்தால் முதலில் தார் கிடைக்காது, கேள்விதான் கிடைக்கும்.

"ஏங்க, இந்தக் குழந்தை பிறக்காமலே போயிருந்தாலும் இந்தப் பொண்ணோடதான் குடித்தனம் பண்ணியிருப்பீங்களா?"

புருஷன் கொஞ்சம் முழித்தால் போச்சு. "போயி யோசிச்சிட்டு வாங்க. தார் எங்கயும் ஓடிடாது!" ஒரு வக்கீல் மூன்று தடவை திரும்பிப் போனார்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம்; குழந்தை இல்லை. கூடவே இருந்த என் அத்தை, லால்குடியில் இரண்டாந்தாரமாக ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டாள். என் மனைவி கமலம் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அத்தைக்கு முன்னால் எனக்கு நாக்கு இருந்ததே இல்லை. வெட்கக்கேடு!

விஷயம் தார்க்காரர் காதுக்கு எட்டியது. பச்சைத் தார் ஒன்றைத் தோளில் சுமந்து வந்து, எங்கள் கூடத்து உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டார்.

"அம்மா, இது சாமிக்கு நேர்ந்துவிட்டது. பழுக்கிற வரைக்கும் வீட்டுல கல்யாணப் பேச்சே எடுக்கக் கூடாது."

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஒரு மாசம் போயிற்று. தினமும் அமுக்கிப் பார்ப்பாள். "என்னடா இது, வாழைக்காயா கல்லா?" காய் பச்சைப்பசேல் என்றே இருந்தது.

ஒரு நாள் தலைவலி என்று ஆபீசிலிருந்து மத்தியானமே வந்துவிட்டேன். அத்தை வழக்கம்போல் ஸ்ரீரங்கத்துக்கு உபன்யாசம் கேட்கப் போயிருந்தாள். கூடத்தில் லேசாக மஞ்சள் தட்டிய தார் தரையில் கிடக்கிறது. முக்காலிமேல் கமலம், கையில் கயிறு. கீழே புதிய பச்சைத் தாரோடு தார்க்காரர். வாராவாரம் இருவருமாக மாற்றிக் கட்டியிருக்கிறார்கள்!

கமலத்துக்கு முகம் வெளுத்துவிட்டது. அவருக்கோ கூச்சமே இல்லை.

"வந்துட்டீங்களா? அடிப்பக்கம் பிடிங்க. பிடிக்க மாட்டீங்கன்னா அதையும் இப்பவே சொல்லிடுங்க."

பிடித்தேன். கமலம் சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று சாயங்காலம், "லால்குடிக்கு வேண்டாம்னு எழுதிடுங்க அத்தை" என்றேன். நாக்கு இருந்திருக்கிறது!

மூன்று வருஷம் கழித்துத்தான் எங்களுக்கு மகள் பிறந்தாள். கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்துகொண்டு தார் வாங்கப் போனேன். மனுஷர் கேட்கவே இல்லை. கடையில் இருந்ததிலேயே பெரிய தாரை இறக்கினார்.

"அடிப்பக்கம் பிடிங்க" என்றார். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.