அனுப்புநர் அஸ்வந்த்

மின்னஞ்சல் இணைப்பு ஒன்றைச் சொடுக்கினால் கடிதம் எழுதும் சாளரம் திறக்க வேண்டும் என்பது உலக வழக்கம். ஊட்டி மார்க்கெட்டுக்கு மேலே இருந்த மலைச்சரிவு முன்னெச்சரிக்கைக் கிளை அலுவலகத்தில் இந்த வழக்கம் இன்னும் நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. தலைமையகத்தின் இணையதளத்தில் 'பதிலளிக்க இங்கே சொடுக்கவும்' என்று இருக்கும். சொடுக்கினால், அலுவலகத்தின் ஒரே கணினியில் யாருக்கும் அறிமுகமில்லாத பழைய மெயில் செயலி ஒன்று எழுந்து வந்து, சர்வர் பெயர் என்ன, போர்ட் எண் என்ன என்று போலீஸ்காரரைப் போல விசாரிக்கும். கிளை அலுவலர் நாச்சிமுத்து அதை மரியாதையாக மூடிவிட்டு, 'தொழில்நுட்ப இடையூறு காரணமாகப் பதில் நிலுவை' என்று கோப்பில் எழுதுவார். வேலை இனிதே நடந்துகொண்டிருந்தது.

இந்த அமைதியைக் கெடுத்தவன் கோவையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த இளநிலை உதவியாளன் அஸ்வந்த். முதல் நாள் செல்போனில் சிக்னல் இல்லை. வந்து சேர்ந்ததை மனைவி ஷண்முகப்ரியாவுக்குத் தெரிவிக்க அந்தக் கணினியின் பிரவுசரில் தன் சொந்த மெயிலைத் திறந்தான். 'இனி மின்னஞ்சல் இணைப்புகளையெல்லாம் இதிலேயே திறக்கலாமா?' என்று பிரவுசர் பணிவாகக் கேட்டது. அந்த அலுவலகத்தில் தன்னிடம் அனுமதி கேட்கப்படுவது அதுவே கடைசி என்று அவனுக்குத் தெரியாது. 'அனுமதி'யை அமுக்கினான்.

மறுநாள் நாச்சிமுத்து இடையூறை எதிர்பார்த்துச் சொடுக்கினார். வெள்ளை வெளேரென்று ஒரு சாளரம் திறந்தது.

"ஏனுங்க பங்கஜம், இங்க வாங்க! வேலை செய்யுதுங்க!"

கண்காணிப்பாளர் பங்கஜம் பதறிப்போய் ஓடி வந்தார். "ஐயையோ! அப்ப இனிமே பதில் எழுதோணுங்களா?"

"எழுதித்தான் ஆகோணும். ஆனா பாருங்க, அனுப்புறவர்னு நம்ம தம்பி பேரு நிக்குது."

பங்கஜம் அந்தப் பெயரையே கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அப்ப தப்பு வந்தா தம்பி பேர்லதானுங்களே வரும்?"

அன்று முதல் அலுவலகம் சுறுசுறுப்பு அடைந்தது.

"சார், அது என் சொந்த மெயிலுங்க," என்றான் அஸ்வந்த். "செட்டிங்ஸ்ல போயி ரெண்டு தட்டு தட்டுனா மாத்திடலாங்க. ஆபீஸ் மெயிலையே டீஃபால்ட்டா வெச்சுக்கலாம்."

"ஆபீஸ் மெயிலுக்குப் பாஸ்வேர்ட் இல்லீங்களே. தலைமையகத்துல கேக்கோணும்."

"கேளுங்க சார்."

"ஆபீஸ் மெயில்ல இருந்து கேட்டாத்தான் குடுப்பாங்க."

"சரிங்க, நான் என் மெயிலை லாகவுட்டாவது பண்ணிக்கறேன்."

நாச்சிமுத்துவின் குரல் கனிவானது. "இயங்குற அலுவலகத்தை முடக்குனதா ஆயிரும் தம்பி. அப்புறம் நானே உங்களுக்குப் பதினேழு பி சார்ஜ் மெமோ குடுக்கற மாதிரி வந்துரும். வேண்டாமுங்க, சின்ன வயசு."

பங்கஜத்தின் முழங்கால் வலி, உதவியாளர் ரமேஷ்குமாரின் மாமனார் மறைவு, நாச்சிமுத்து பேத்தியின் காதுகுத்து ஆகிய அனைத்தும் அஸ்வந்தின் முகவரியிலிருந்து விடுப்புக் கடிதங்களாகப் புறப்பட்டன. அடியில் அவரவர் பெயர் இருந்தது உண்மைதான். ஆனால் தலைமையகத்தில் அனுப்புநரையும் முதல் வரியையும் மட்டுமே பதிவு செய்வார்கள். அடிவரை படிக்க வேண்டிய பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை. ஒவ்வொரு கடிதத்தின் கீழும் 'மரங்களைக் காப்போம், இதை அச்சிட வேண்டாம்' என்று பச்சை எழுத்தில் போடும் புது நாகரிகமும் வந்து சேர்ந்தது. நாச்சிமுத்து எல்லாக் கடிதங்களையும் அச்சிட்டுக் கோப்பில் வைப்பார். அந்தப் பச்சை வரிக்கு மட்டும் தனியாக இன்னொரு தாள் வேண்டியிருந்தது.

அஸ்வந்துக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான். கோவைக்கு மாறுதல். அவனுடைய இரண்டு வயது மகள் அப்பா என்றால் செல்போன் என்றே நினைத்திருந்தாள். நேரில் போனால் அலறினாள். இவன் வாசலுக்குப் போய் வீடியோ காலில் வந்தால் சிரித்தாள்.

முதலில் விடுப்புக் கேட்டான். 'முழங்கால் வலிக்கும் மாமனார் மறைவுக்கும் தங்களுக்கு ஏற்கெனவே தாராளமாக விடுப்பு வழங்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அவன் மாமனாரோ கோவையில் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். மாறுதல் கேட்டான். 'பதிவுகளின்படி அக்கிளையில் தாங்கள் ஒருவரே பணியாற்றுகிறீர்கள். தங்களை மாற்றினால் கிளை என்னாவது?' என்று பதில் வந்தது.

கிளைக்கு வரும் மனுக்களுக்கும் அவன் பெயரில்தான் பதில் போயிற்று. எஸ்டேட் தொழிலாளி வடிவேல், தங்கள் லைன் வீடுகளின் பின்னால் மண் வெடித்து நிற்கிறது என்று செல்போனிலிருந்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். 'தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது' என்று நாச்சிமுத்து சொல்லச்சொல்ல ரமேஷ்குமார் தட்டி அனுப்புவார். ஒருநாள் வடிவேல் நேரிலேயே வந்துவிட்டார்.

"நீங்கதானா சார் அஸ்வந்த்? எல்லா ஆபீசுக்கும் எழுதினேன் சார். பதில் போடுற ஒரே மனுசன் நீங்கதான்."

அஸ்வந்த் தலை குனிந்தான். "அதை நான் போடலீங்க."

"பெரிய மனசு உள்ளவங்க அப்படித்தான் சார் சொல்லுவாங்க," என்று கும்பிட்டுவிட்டுப் போனார் வடிவேல்.

இதற்கிடையே தலைமையகத்துக்கு ஓர் ஐயம் எழுந்தது. ஒருவர் மட்டும் வேலை செய்யும் கிளையில் நாலு பேருக்கு எதற்குப் பதவி? மற்ற மூவரும், தாங்கள் இருப்பதைக் கீழ்க்காணும் இணைப்பைச் சொடுக்கி நிரூபிக்க வேண்டும் என்று ஆணை வந்தது. மூவரும் வரிசையாக நின்று சொடுக்கினார்கள். 'நாச்சிமுத்து ஆகிய நான் இருக்கிறேன்' என்று அஸ்வந்த் எழுதியதாகப் போயிற்று. அடுத்து, பங்கஜமும் தானே என்று அஸ்வந்த் எழுதியதாகப் போயிற்று. ஆள்மாறாட்டம் செய்ததற்காக அஸ்வந்துக்கு விளக்கம் கோரும் குறிப்பாணை வந்தது. "அவன் நானில்லை, நான்தான் நான்," என்று நாச்சிமுத்து கொதித்துப்போய் ஒரு பதில் அடித்து அனுப்பினார். அதுவும் அதே முகவரியிலிருந்து போனதால், குற்றத்தை அஸ்வந்த் மீண்டும் செய்ததாகப் பதிவானது.

முடிவில் தலைமையகம் எல்லாவற்றையும் கருணையோடு பரிசீலித்தது. தனிமையில் வேலை செய்து திரு. அஸ்வந்தின் மனம் பேதலித்திருக்கிறது. எனவே அவருக்குக் கோவைக்கு மாறுதல் வழங்கப்படுகிறது. கிளை என்பது அவரே ஆதலால், கிளையும் உடன் மாற்றப்படுகிறது.

அஸ்வந்த் துள்ளிக் குதித்தான். கணினி லாரியில் ஏறியது. பின்னாலேயே மூவரும் பெட்டி படுக்கையோடு ஏறினார்கள்.

"நீங்க எங்கீங்க சார் வர்றீங்க?"

"அந்தக் கம்ப்யூட்டர் பக்கத்துல இருந்தாத்தானுங்க நாங்க இருக்கறோம்," என்றார் நாச்சிமுத்து.

கோவையில், அஸ்வந்தின் வீட்டுக்கு அடுத்த தெருவில், கண்ணுக்கெட்டிய தூரம்வரை சமதளமான ஓரிடத்தில் மலைச்சரிவு முன்னெச்சரிக்கைக் கிளை இயங்கத் தொடங்கியது. 'எமது பார்வைக்கு எட்டியவரை மலைச்சரிவு அபாயம் எதுவும் இல்லை' என்று முதன்முறையாக ஒரு நல்ல அறிக்கை போயிற்று. தலைமையகம் பாராட்டியது. மகளும் மெல்ல மெல்ல அப்பாவுக்குக் கை கால் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு வந்தாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. வடிவேலிடமிருந்து ஒரு மெயில் வந்தபோது மற்ற மூவரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். 'சார், லைனுக்குப் பின்னாடி மண்ணு இறங்குது. ஊட்டியில உங்க பழைய ஆபீஸ் சும்மாதானே கிடக்கு? அந்தக் கட்டடத்துக்குப் பின்னாடி மட்டும்தான் நல்லா சுவர் கட்டியிருக்கீங்க. புள்ளகுட்டியோட அங்க போய்த் தங்கிக்கலாமா?'

அஸ்வந்த் சுற்றுமுற்றும் பார்த்தான். அந்த முகவரிக்குச் சொந்தக்காரன் அவன். ஆனால் அதில் வந்த மனு எதற்கும் இதுவரை அவன் தன் விருப்பப்படி ஒரு வரிகூடப் பதில் எழுதியதில்லை. 'உடனே போங்க. பூட்டை உடைச்சுக்கங்க. நான் அனுமதிக்கிறேன்,' என்று எழுதி அனுப்பினான்.

ராத்திரிக்குள் எல்லாரும் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். விடிவதற்குள் லைனின் பின்சுவர்கள் விழுந்துவிட்டன. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

ஆனால் பூட்டு உடைந்ததை அறிந்து, வடிவேலிடம் அந்த மெயிலை வாங்கிப் பார்த்த தலைமையகத்திலிருந்து விசாரணைக் குறிப்பு வந்தது. 'பார்வையில் காணும் மின்னஞ்சலில் கடித எண் இல்லை. பரிசீலனை என்ற சொல் இல்லை. கேட்ட நாளிலேயே பதில் தரப்பட்டுள்ளது. திரு. அஸ்வந்தின் இதுகாறுமான கடிதங்களோடு ஒப்பிட்டதில், இதை எழுதியவர் அவர் அல்லர் என்பது ஐயமின்றித் தெளிவாகிறது. அவருடைய நற்பெயரைப் பயன்படுத்திய விஷமி யார் என்பதை இந்த இணைப்பைச் சொடுக்கித் தெரிவிக்கவும்.'

"சார், அது ஒண்ணுதான் நானே எழுதுனதுங்க," என்றான் அஸ்வந்த்.

நாச்சிமுத்து அவன் நாற்காலியை மெதுவாக ஒதுக்கிவிட்டு, கணினியின் முன் உட்கார்ந்தார்.

"நகருங்க தம்பி. நான் அடிச்சுத் தாறேன். நான் எழுதுனாத்தானுங்க நீங்க எழுதுனதுன்னு நம்புவாங்க."