ரைட் என்றால் எந்தப் பக்கம்?

மதிப்பிற்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவனும், நீங்கள் ஓட்டிய பேருந்தில் பின்கதவோரம் நின்றே பாதி ஆயுளைக் கழித்த கண்டக்டருமான நான் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் தங்கை, புதிதாக வாங்கிய பழைய கார் மூவரும் சௌக்கியம். கார் இன்னும் வாசலை விட்டு நகராததால் அதற்கு ஒரு கீறலும் இல்லை. அங்கே உங்கள் இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நிற்க. (பேருந்து அல்ல, கடிதம்.) நாளைக் காலை எனக்கு லைசென்ஸ் தேர்வு, மூன்றாவது முறையாக. "மாப்ளே, உனக்கு எதுக்கு இந்த வேலை? நான் வந்து ஓட்டுறேன். நீ பழையபடி பின்னாடி உட்காரு" என்று போனில் சொன்னீர்களே, அதற்குப் பதில்தான் இது. பின்னாடி உட்கார மாட்டேன். கல்யாணமான நாளிலிருந்து நானும் உங்கள் தங்கையும் ஒரு வண்டியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து போனதே இல்லை. நம் பேருந்தில் ஏறினால் அவளுக்கு ஜன்னலோர இருக்கை, எனக்குக் கம்பி. கட்டிய மனைவிக்கே டிக்கெட் கிழித்துக் கொடுத்து, "மீதி சில்லறை இறங்கும்போது வாங்கிக்கோம்மா" என்று சொன்ன பாவி நான். ஓய்வு பெற்ற அன்றே அவளிடம் சொல்லிவிட்டேன், இனி முன்சீட்டில்தான் போகிறோம், பக்கத்தில் பக்கத்தில், ஓட்டப்போவது நான் என்று. சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் விட மாட்டேன்.

எனக்குக் குறுக்கே நிற்பது கிளட்சும் இல்லை, பிரேக்கும் இல்லை, ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தை. ரைட். முதல் நாள் பயிற்சியில் முச்சந்தி வந்ததும் மாஸ்டர் "ரைட்" என்றார். ரைட் என்றால் என்ன? போ என்று அர்த்தம். போனேன். எதிரே சாலை வேலைக்காகக் கொட்டியிருந்த மணல் மேட்டில் வண்டி மூக்கைப் புதைத்துக்கொண்டது. "ரைட்னு சொன்னேனே சார்!" என்று அவர் அலற, "அதான் போனேனே!" என்று நான் அலற, பின்சீட்டிலிருந்து உங்கள் தங்கை, "வலது பக்கம் திரும்பச் சொன்னாருங்க" என்று மொழிபெயர்த்தாள். அன்றிலிருந்து அவளையும் கூடவே அழைத்து வரச் சொல்லிவிட்டார் மாஸ்டர். வலது, இடது என்று தமிழிலேயே சொல்வதாகவும் ஒத்துக்கொண்டார். ஆனால் பழகின நாக்கு சும்மா இருக்குமா? நாலு தெரு கூடும் இடத்தில், "இடது பக்கம்தானே, மாஸ்டர்?" என்று கேட்கிறேன். "ரைட்டு" என்கிறார் மனுஷன்! இடதா, ரைட்டா, போகவா, நிற்கவா என்று புரியாமல் நட்டநடுவில் வண்டியை நிறுத்திவிட்டேன். நாலு பக்கமும் ஹாரன். போலீஸ்காரர் கோபத்தில் இரண்டு முறை விசில் ஊதினார். ஒரு விசில் என்றால் நில், இரண்டு விசில் என்றால் புறப்படு. இது ஊருக்கே தெரியும், போலீஸுக்குத் தெரியவில்லை. புறப்பட்டுவிட்டேன். அவர் துரத்தி வந்து பிடித்து லெஃப்ட் ரைட் வாங்கிவிட்டார். அதாவது, அந்த ரைட்டுக்குத் திட்டு என்று அர்த்தம்.

முதல் தேர்வைச் சொல்லிச் சொல்லி ஊரெல்லாம் சிரித்தது, நீங்களும் சிரித்தீர்கள். நடந்ததைக் கேளுங்கள். இன்ஸ்பெக்டர் ஒரு காலை வண்டிக்குள் வைத்து, மறு கால் தரையில் இருக்கும்போதே, "ரைட், ஆரம்பிக்கலாமா?" என்றார். எடுத்துவிட்டேன். அவர் நொண்டிக்கொண்டே கொஞ்ச தூரம் கூட வந்தார். படியில் ஆள் இருக்கும்போது ரைட் கொடுக்கக்கூடாது என்பது நம் தொழிலில் பாலபாடம். கொடுத்தவர் அவர். தப்பு யார் மேலே, நீங்களே சொல்லுங்கள். இரண்டாம் தேர்வில், "ஐயா, அந்த வார்த்தை மட்டும் வேண்டாம்" என்று முன்கூட்டியே கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷன், கடைசிவரை கையாலேயே வழிகாட்டினார். ஓட்டி முடித்து ஓரமாக நிறுத்தினேன், இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்த முகத்தோடு பேனாவைத் திறந்து, "அப்புறம் என்ன, ரைட் போட்டுடலாம்" என்றார். கேட்டதும் வண்டியை எடுத்துவிட்டேன். குலுங்கிய குலுக்கலில், காகிதத்தில் ஆரம்பித்த அவருடைய ரைட் சட்டைப் பையில் போய் முடிந்தது.

அன்று கோபம் தாங்காமல் நூலகத்துக்குப் போய்த் தடித்த அகராதியை இறக்கிப் புரட்டினேன். ரைட் என்றால் வலது, சரி, நியாயம், உரிமை, செம்மை, நேர், உடனே என்று பக்கம் பக்கமாகப் போட்டிருக்கிறான். போ என்று மட்டும் இல்லை! வெள்ளைக்காரனுக்கே தெரியாத ஒரு அர்த்தத்தை வைத்தா நான் இத்தனை வருஷம் ஒரு ஊரையே நகர்த்தினேன்? வெட்கமாகக்கூட இருந்தது, மச்சான். வீட்டுக்கு வந்து உங்கள் தங்கையிடம் சொன்னேன். "நீங்க சொன்னீங்க, அண்ணன் வண்டியை எடுத்தாரு. அதுக்கு மேல என்ன அர்த்தம் வேணும்?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

மச்சான், நான் ரைட் சொல்லாமல் நீ பஸ்ஸை ஒரு அடி நகர்த்தியிருப்பாயா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லு. நீ ஸ்டியரிங்கைப் பிடித்தாய், நான்தானே உனக்குக் கண்ணு? என்னைப் போய்ப் பின்னாடி உட்காரு என்று சொல்ல உனக்கு எப்படி வாய் வந்தது? (மன்னிக்கவும், கோபத்தில் ஒருமை வந்துவிட்டது. மேற்படி வரிகளில் "நீங்கள்" என்று திருத்திப் படித்துக்கொள்ளவும்.)

நாளைக்கு நான் ஜெயிக்கிறேன். பயிற்சியும் நன்றாகவே நடக்கிறது. நடுநடுவே மாஸ்டரோடு சண்டை போட்டுவிட்டு டீ குடிக்கப் போவேன். திரும்பி வருவதற்குள் வண்டி எதிர்ப்புற நிழலில் ஒழுங்காக நிற்கும். மாஸ்டருக்கும் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. உங்கள் தங்கைக்குத்தான் பின்சீட்டில் உட்கார்ந்து அலுத்துப்போயிருக்கும், பாவம். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆகையால் தாங்கள் வர வேண்டாம், ஓட்ட வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாசலில் ஹாரன் கேட்டால் அது நான் என்று அறியவும்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி. உங்கள் இடுப்புக்கும் என் நல்வாழ்த்துகள்.

இப்படிக்கு,
இனி எந்தக் காலத்திலும் பின்னால் உட்காராத,
உங்கள் மாப்பிள்ளை

பி.கு.: அண்ணா, இது நான் எழுதுவது. தபாலில் போடச் சொல்லி அவர் நேற்றுக் கொடுத்த கடிதம், போட மறந்துவிட்டேன். மூன்றாம் முறையும் போச்சு. இன்ஸ்பெக்டர் வாயே திறக்கவில்லை. இவரும் ரொம்ப நன்றாகத்தான் ஓட்டினாராம். முன்னால் ஒரு பஸ் நின்றிருக்கிறது. அதிலிருந்த கண்டக்டர் "போலாம், ரைட்!" என்று கத்தியிருக்கிறார். பஸ் எடுப்பதற்கு முன்னாலேயே இவர் எடுத்துவிட்டார். அடி பலமில்லை, விளக்கு மட்டும்தான். தேர்வில் இவருக்கு அடுத்த நம்பர் என்னுடையது. இவர் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் மாஸ்டர் என்னை ஓட்டச் சொல்வார், விண்ணப்பமும் அவரே போட்டுக் கொடுத்தார். எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது அண்ணா. சாயங்காலம் நம் காரின் உறையை எடுத்தேன். இவர் பக்கத்துச் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். எனக்கு மனசு கேட்கவில்லை. "நீங்க சொல்லாம நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துவிட்டேன். கட்டிய கையைப் பிரித்து, திரும்பிப் பின்னால் பார்த்தார், கதவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போலாம், ரைட்" என்றார். எடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். எங்கேயாவது போக வேண்டுமென்றால் சொல்லுங்கள், பின்சீட் காலியாகத்தான் இருக்கிறது.