முதல் தட்டும் மூன்று கண் கைப்பேசியும்

மனித குலத்தின் தியாகங்களில் தலையாயது எது என்று கேட்டால், செயலி பெருத்துக்கொண்டே போகப் போகக் கைப்பேசியை மாற்றிக்கொண்டே இருப்பதுதான் என்பேன். விருந்தாளிக்குத் தொப்பை விழுந்தது என்று நிலைவாசலை இடித்து அகலமாக்கும் பண்பாடு சாமானியமானதா?

விருத்தாசலத்தில் எங்கள் பீங்கான் சங்கத்துக்குப் பொதுச் சூளை உண்டு. தை பிறந்து சூளை மூட்டும்போது, முதல் தட்டு எங்கள் குடும்பத்துப் பொம்மைகளோடுதான் உள்ளே போகும். பாட்டனார் காலத்து மரியாதை அது.

சங்கம் 'நவீனம்' அடைந்தது. கடைவீதியில் கைப்பேசி விற்கும் சக்கரபாணி, 'சூளைத் தோழன்' என்ற செயலியை இலவசமாகச் செய்து தந்தார். மண்ணையே தொட்டறியாத அந்த வள்ளலைக் கௌரவ உறுப்பினராக்கினோம். சூளை மூட்டும் காலையில் செயலியில் முதலில் பதிபவருக்கே முதல் தட்டு என்று தீர்மானம் நிறைவேறியது. நான் பதியும்வரை மற்றவர்கள் விரலை மடக்கிக் காத்திருந்ததால், முதல் ஆண்டு மரியாதை பிழைத்தது.

இந்த மார்கழியில் செயலி 'மேம்பட்டது'. என் கைப்பேசி அதை ஏற்க மறுத்தது. சங்கச் செயலாளர் மதிவாணனிடம் போனேன்.

"உங்க போனு தாங்காதுங்க ஐயா. புதுசு வாங்கிக்குங்க."

"போன வருசம் தாங்குச்சே?"

"அப்ப பேரு மட்டுந்தாங்க இருந்துச்சு. இப்ப உள்ளாற சூளை சுத்துதுங்க, பாட்டு பாடுது."

"சுத்துனா பொம்ம நல்லா வேகுமா?"

"வேகாதுங்க. பாக்க நல்லாருக்கும்."

வீட்டில் மருமகள் கனகா, "மாமா, என் போனுல அது ஓடுது. அதுலயே போட்டுடுறேன்" என்றாள்.

"மரியாதைய எரவல் வாங்குற குடும்பமா இது?" என்றேன்.

சக்கரபாணி கடையிலேயே புதியது வாங்கினேன். அதன் முதுகில் மூன்று கண்கள். நெற்றிக்கண்ணையும் சேர்த்துச் சிவபெருமானுக்கே அவ்வளவுதான்.

சூளை மூட்டும் காலை. எல்லோரும் விரலை மடக்கி நின்றார்கள். நான் அழுத்தினேன். 'புதிய பதிப்பு வந்துள்ளது. இக்கருவி போதாது' என்றது கைப்பேசி. மதிவாணனுடையதும் அப்படியே சொன்னது. கனகாவுடையதும், கூடியிருந்த அத்தனை பேருடையதும் அதையே சொல்லின. சக்கரபாணியின் கைப்பேசி மட்டும் பாட்டுப் பாடியது. மங்கலம்பேட்டைச் சிநேகிதர் துபாயிலிருந்து அதை முந்தின நாள்தான் கொண்டுவந்தாராம்.

"தீர்மானம்னா தீர்மானந்தாங்க" என்றார் மதிவாணன்.

சக்கரபாணியிடம் வேகவைக்க ஒரு அகல்விளக்குகூட இல்லை. வெறுந்தட்டுக்குக் கற்பூரம் காட்டி, பயபக்தியோடு உள்ளே தள்ளினார்கள். என் பொம்மைகள் அதன் பின்னால் வரிசையில் போயின.

"தட்டுல ஒண்ணுமே இல்லியேப்பா?" என்றேன் மதிவாணனிடம்.

"அதெல்லாம் அடுத்த பதிப்புல வந்துடுமுங்க ஐயா."

சூளையைத் திறந்தபோது, முதல் தட்டில் ஒரு விரிசல்கூட இல்லை என்று சங்கம் கைதட்டியது. உண்மைதான். ஊரார் கையிலிருக்கும் நல்ல கைப்பேசியைச் செல்லாததாக்குவதையே தொழிலாக வைத்திருப்பவன் தட்டில், விரிசல் விட என்ன இருக்கிறது?