மாமனாருக்கும் எனக்கும் நடுவுல ஒரு சேட்டிலைட்

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்க ஹெப்பாள் ஃபேக்டரி ரவுட்டர் வழியா சென்னை ஹெட் ஆபீஸுக்கு போன் பேச வைக்கணும்.

ரெண்டு ஆபீஸ் ரவுட்டரும் ஏற்கெனவே ஈமெயில், ஸ்டாக் விவரம் எல்லாம் அனுப்பிக்கிட்டுத்தான் இருந்துச்சு. இப்ப அதே லைன்ல மனுஷன் குரலும் போகணும். தொண்ணூறுகளோட கடைசி. எஸ்டிடி பில்லைப் பார்த்தாலே எங்க எம்.டி.க்கு ரத்தம் கொதிக்கிற காலம்!

மொட்டை மாடில ஒரு டிஷ். நாம பேசினா அது சேட்டிலைட் வரைக்கும் மேல போயி, சென்னைல கீழ இறங்கும். மத்தியானம் எம்.டி. அங்கிருந்து முதல் கால் போட்டுத் திறந்து வைக்கிறார். அதுக்குள்ள டெஸ்ட் பண்ணி முடிக்கணும்.

சென்னைப் பக்கம் டெஸ்டுக்கு உட்கார்ந்திருந்தவன் பாஸ்கர். என் ஃப்ரெண்ட். எனக்குப் பொண்ணு பார்த்துச் சொன்னவனும் அவன்தான். பொண்ணோட அப்பா அதே ஹெட் ஆபீஸ்ல அக்கவுன்ட்ஸ் மேனேஜர். பொண்ணு பேர் கல்பனா. போட்டோவைப் பார்த்ததுல இருந்து எனக்கு சோறு இறங்கலை.

"பொண்ணோட அப்பா உன்கிட்ட ஒரு வார்த்தை பேசணுங்கறார்டா. டெஸ்ட் கால்ல அவரையே பேச வச்சுடறேன். டெஸ்டுக்கு டெஸ்டும் ஆச்சு!"ன்னான் பாஸ்கர்.

வருங்கால மாமனார் காதுல என் குரல் விட்டு விட்டு விழுந்தா என்ன நினைப்பார்?

ரவுட்டர்ல ஒரு செட்டிங் உண்டு. வர்ற பேச்சைக் கொஞ்சம் சேர்த்து வச்சு, வரிசைப்படுத்தி, அப்புறமா காதுக்கு விடும். அதை ரெண்டு பக்கமும் எவ்வளவு ஏத்த முடியுமோ அவ்வளவு ஏத்தினேன். குரல் அப்படியே வெண்ணெய்! கொஞ்சம் லேட்டா போய்ச் சேரும், அவ்வளவுதானே?

அவ்வளவுதானேன்னு நினைச்சேன் பாருங்க, அங்கதான் என் புத்தி!

மணி அடிச்சுது.

"நான் கல்பனாவோட அப்பா பேசறேன்."

"வணக்கம் சார்!"

என் வணக்கம் மேல போயி, கீழ இறங்கி, ரவுட்டர்ல உட்கார்ந்து இளைப்பாறிட்டு நிதானமா கிளம்புச்சு.

"ஹலோ? தம்பி, இருக்கீங்களா?"ன்னார். அப்பதான் வணக்கம் போய்ச் சேர்ந்திருக்கு. "ஆங், வணக்கம். சிகரெட் பழக்கம் உண்டா?"

"ஐயோ, கிடையவே கிடையாது சார்!"

பெரிய மௌனம். அப்புறம் குரல் வந்துச்சு. "ம்ம். யோசிச்சுதான் சொல்றீங்க."

"இல்ல சார், உடனே சொன்னேன்!"

அதுவும் லேட்டாதான் போச்சு.

"குடி?"

"தொட்டதே இல்ல சார்!"

"இதுக்கும் யோசனையா!"

ரிசீவரை அடுத்த காதுக்கு மாத்தினேன்.

"போகட்டும். பொண்ணு போட்டோ பார்த்தீங்களே, பிடிச்சுதா?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு சார்!" இதுக்கு நான் மூச்சுகூட விடலைங்க. வாயில ரெடியா இருந்த பதில்! ஆனா அது போய் இறங்கறதுக்குள்ள பெத்த மனசு நொந்து போச்சு.

"பரவாயில்லை தம்பி. கட்டாயம் ஒண்ணும் இல்லை."

கல்பனா கை நழுவுதுன்னு தெரிஞ்சதும் என் இன்ஜினியர் மூளை வேலை செஞ்சுது. பதில் லேட்டா போகுதா? அப்ப கேள்விக்கு முன்னாடியே பதில் சொல்லிடணும்! அடுத்து என்ன கேப்பார்? சம்பளம்தான். எல்லா மாமனாரும் அதைத்தானே கேப்பாங்க!

"இருக்கு சார்! மாசம் பொறந்தா டாண்ணு வந்துரும்!"னு எடுத்து விட்டேன்.

அதே நேரம் சென்னைல இருந்து அவர் கேட்டு அனுப்பின கேள்வி என் காதுல வந்து விழுது. "வேற பொண்ணு சகவாசம் ஏதாவது உண்டா?"

போன் வச்ச சத்தம் மட்டும் தெள்ளத் தெளிவா கேட்டுச்சு. நான் ஏத்தின செட்டிங் ஆச்சே!

உடனே சாதா போன்ல பாஸ்கர். "என்னடா சொல்லித் தொலைச்சே? மனுஷன் பிரஷர் மாத்திரை கேக்கறார்!"

"லைன்தான்டா லேட்டு! நீ எடுத்துச் சொல்லேன்!"

"சொன்னேனே! பொய் சொல்றவனுக்குத்தான் லேட்டாகும், லைனுக்கு என்னங்கறார்."

செட்டிங்கைக் குறைக்கலாம்னு ஓடினேன். எங்க ஃபேக்டரி மேனேஜர் கவுடர் குறுக்க நின்னுட்டார். "ஏனூ முட்பேடப்பா! எம்.டி. கால் வர்ற நேரம். எதையும் தொடாதே!"

கால் வந்துருச்சு. ஸ்பீக்கர்ல எம்.டி. குரல். "கவுடரே, சாப்பிட்டாச்சா?"

"ஆச்சு சார்!"

மௌனம். "சாப்பிட்டதுக்கே இவ்வளவு யோசனையா? ஃபேக்டரில ஏதாவது பிரச்சினையா?"

"இல்ல சார்!"

"மெஷின் நின்னு போச்சா?"

"ஓடுது சார்!"

"மறைக்காதீங்க கவுடரே! நாளைக்கே கிளம்பி வரேன்!"

கவுடர் முகம் வெளுத்துருச்சு. என்னை முழுங்கற மாதிரி பார்க்கறார். எனக்கோ பொண்ணும் போச்சு, வேலையும் போச்சு.

அப்ப ஸ்பீக்கர்ல தூரத்துல இருந்து இன்னொரு குரல். "சார், சாப்பிட்டதுக்கு யாராவது பொய் சொல்வாங்களா? அவர் மேல தப்பில்லை. லைன்தான் லேட்டு. கொஞ்சம் முன்னாடி நானும் ஒரு நல்ல பையனை இப்படித்தான் சந்தேகப்பட்டுட்டேன்."

நல்ல பையன்! எனக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. கவுடரைக் கட்டிப் பிடிச்சுட்டேன். அவருக்கு ஒண்ணும் புரியலை.

அந்தக் குரல் போன் பக்கத்துல வந்துச்சு. "தம்பி அங்க இருக்காரா? மாசா மாசம் டாண்ணு வரும்னீங்களே, அது யாரு?"

"சம்பளம் சார்!"

இந்தத் தடவை அவர் பொறுமையா காத்துக்கிட்டு இருந்தார். அப்புறம் ஹெட் ஆபீஸே சிரிக்கிற சத்தம் மேல போயி, கீழ இறங்கி, நிதானமா வந்து சேர்ந்துச்சு.

கல்யாணம் ஆகி இந்த ஊர்லயே விஜயநகர்ல குடித்தனம் வச்சாச்சு. இன்னைக்கும் கல்பனா புதுப் புடவை கட்டிக்கிட்டு வந்து நின்னு, "எப்படி இருக்கு?"ம்பா. பதில் சொல்ல எனக்கு ரெண்டு செகண்ட் ஆகும்.

"இதுக்கு என்ன யோசனை?"ம்பா.

பழி போட நடுவுல ஒரு சேட்டிலைட்கூட இல்லை.