மன்னரின் இனிப்பான எண்ணெய்

இது நம் நாட்டில் நடக்கவில்லை. அதனால் தைரியமாகச் சொல்கிறேன். கரும்பாறை நாட்டில், மலைமேல் இருந்த அரண்மனைக்கு அடியில் எண்ணெய் இருந்தது. இருந்து என்ன பயன்? ஆறிப்போன வெல்லப்பாகு மாதிரி பாறையைப் பிடித்துக்கொண்டு, எந்தக் குழாய்க்கும் மசியாமல் கிடந்தது.

நிலத்தடி அமைச்சர் மகுடேசர் ஓர் அறிஞரை வரவழைத்தார்.

"சலவைச் சோடா கரைத்த காரநீரை உள்ளே செலுத்துங்கள்," என்றார் அறிஞர். "எண்ணெயில் உள்ள புளிப்போடு அது சேர்ந்தால் சோப்பாகும். எண்ணெய் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். எவ்வளவு புளிப்பு என்று மட்டும் முதலில் சோதிக்க வேண்டும்."

சபையினர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மன்னருக்குச் சொந்தமான எதையும் புளிப்பு என்று சொல்லக்கூடாது என்பது அந்நாட்டு மரபு. அரண்மனைத் தோட்டத்து எலுமிச்சையைக்கூட, கண்ணைச் சுருக்கிக்கொண்டே இனிப்பு என்பார்கள்.

"மன்னரின் எண்ணெய் இனிப்பானது," என்று அமைச்சர் தீர்ப்பளித்தார். "புளிப்பு இல்லாத குறையைக் காரத்தால் ஈடுகட்டுவோம். பத்து மடங்கு ஊற்றுங்கள்."

ஊற்றினார்கள். அடிவாரத்தில் செவந்தியின் கிணற்றுக்கு அது முதலில் வந்து சேர்ந்தது. அந்தத் தெருவே குடித்த கிணறு. இப்போது வாளி நிறைய நுரை. கன்றுக்குட்டி முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது.

செவந்தி வாளியோடு அமைச்சரிடம் போனாள். "ஐயா, இதைக் குடிச்சா வாயெல்லாம் வெந்துபோகுது. என் புள்ளைங்களுக்கு எதைக் குடுக்கட்டும்?"

"சோப்புச் செலவு மிச்சம் அம்மா. குடித்தால் உள்ளேயும் சுத்தமாகும்," என்றார் அமைச்சர்.

மறுநாள் ஆணை வந்தது: இலவச நுரை பெறும் கிணறுகளுக்கு நுரைவரி. அடுத்த ஆணை: நுரையைக் குறை சொல்பவர்கள் அதைக் குடித்தே தேசபக்தியை நிரூபிக்க வேண்டும். செவந்தி பக்கத்து ஊரிலிருந்து குடம் குடமாகச் சுமந்தாள்.

உண்மையில் அந்த எண்ணெய் படுபுளிப்பு. ஊற்றிய காரம் அத்தனையும் வேலை செய்தது. ஒரு காலையில் எண்ணெய் பாறையை விட்டு நழுவியது. கூடவே அரண்மனையும் நழுவியது. கொடி, கொலுமண்டபம், சமையல்கட்டு எல்லாம் சோப்பில் வழுக்கி மலையிறங்கி, செவந்தியின் கிணற்றடியில் வந்து நின்றன.

மன்னருக்கு நா வறண்டது. தண்ணீர் கேட்டார்.

செவந்தி ஒரு வாளி இறைத்தாள். "குடிங்க மகராசா. உள்ளேயும் சுத்தமாகும்னு அமைச்சர் ஐயாவே சொல்லியிருக்காரு."

மன்னர் ஒரு வாய் குடித்தார். முகம் கோணியது. எல்லோரும் அமைச்சரைப் பார்த்தார்கள்.

அவர் தலைப்பாகை நுரையைத் துடைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார். "இந்தத் தண்ணீர் முந்தைய ஆட்சியில் கெட்டுப்போனது."

முந்தைய ஆட்சி மன்னரின் அப்பாவுடையது. ஆனாலும் கூட்டத்தில் பாதிப்பேர் கைதட்டினார்கள்.

கைதட்டியவர்களுக்கெல்லாம் செவந்தி ஆளுக்கொரு செம்பு ஊற்றிக் கொடுத்தாள்.