நடுவில் ஒரு கைப்பிடி

“உங்க இடம் பத்திரமா இருக்கு சார். பலகைதான் இருக்காது” என்றாள் டிக்கெட் அலுவலகத்துப் பெண், தொலைபேசியில்.

வெர்லின் ஹூக்ஸ்ட்ரா காலமெல்லாம் மாட்டு வைத்தியம் பார்த்து ஓய்வு பெற்றவர். பசுவின் சொந்தக்காரரிடம் கெட்ட செய்தியை எப்படி இதமாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அதே இதம் இப்போது தன் காதில் விழுந்ததும் தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“பலகை இல்லாம எதுமேல உட்கார்றது?”

“நாற்காலி சார்! ஸ்டேடியத்தையே புதுப்பிக்கிறோம்ல. முதுகுக்குச் சாய்மானம், காபி வைக்கக் குழி, அடியில சூடு, ரெண்டு பக்கமும் கைப்பிடி...”

“ரெண்டு பக்கமுமா?”

“ஆமா சார்.”

“எனக்கும் என் மனைவிக்கும் நடுவுலயுமா?”

“எல்லாருக்கும் நடுவுலயும் சார். இனிமே உங்களை ஒருத்தரும் இடிக்கவே முடியாது” என்றாள் அவள், லாட்டரி விழுந்த செய்தி சொல்பவளைப் போல.

வெர்லின் தொலைபேசியை வைத்தார்.

எங்கள் வாப்சி ஃபால்ஸ் பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணிக்கு ‘நீர்நாய்கள்’ என்று பெயர். பெயருக்கேற்ப ஆடுவார்கள், அதாவது மழை பெய்தால் மட்டும் சுமாராக ஆடுவார்கள். ஆனாலும் சனிக்கிழமை ஆட்டமென்றால் அயோவா மாநிலத்தின் இந்த மூலையில் பசுக்கள்கூடக் கன்று போடுவதைத் தள்ளிப்போடும். அந்த ஸ்டேடியத்தில் உட்கார இருந்ததெல்லாம் நீளநீளமான அலுமினியப் பலகைகள். அவற்றில் எண் எழுதி, ஆளுக்கு இவ்வளவு அகலம் என்று பிரித்தவன் கோடைக் காலத்தில் பிரித்திருக்க வேண்டும். நவம்பர் மாதத்துக் கோட்டு, அதற்குள் ஸ்வெட்டர், அதற்குள் எங்கள் ஊர்ப் பன்றிக்கறி வளர்த்த உடம்பு ஆகியவற்றை அவன் கணக்கில் சேர்க்கவே இல்லை.

முப்பத்தொன்றாம் வரிசை ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நிரம்பி வழியும். கடைசி ஆளாக டெல்பர்ட் க்ரூட் வருவார். பன்றித் தீவன ஆலை முதலாளி. தன் சரக்குக்குத் தானே விளம்பரம் போன்ற தேகம். வரிசை ஓரத்தில் இருக்கும் ஒரு சாண் இடத்தில் “கொஞ்சம் தள்ளிக்கங்கப்பா” என்று உட்காருவார். அந்தத் தள்ளு ரயில் பெட்டிக்குப் பெட்டி போவதுபோல் வரிசை நெடுகப் போய், வெர்லினின் மனைவி மார்லிஸை வெர்லின்மேல் கொண்டுவந்து சேர்க்கும். தோளும் தோளும், இடுப்பும் இடுப்பும், முழங்காலும் முழங்காலும். ஆட்டம் முடியும்வரை அப்படித்தான்.

விஷயம் அதுதான். கட்டிப் பிடிப்பதும் கொஞ்சிப் பேசுவதும் எங்கள் ஊர் வழக்கமில்லை. கல்யாணச் சாப்பாடு அமிர்தமாக இருந்தாலும் “மோசமில்ல” என்றுதான் சொல்வோம். ஹூக்ஸ்ட்ரா வீட்டில் அவருக்கு ஒரு சாய்வு நாற்காலி, அவளுக்கு ஒன்று, நடுவில் விளக்கு மேசை. தேவாலயத்தில் நடுவில் அவளுடைய கைப்பை. காரில் நடுவில் காபிக் குடுவை. கட்டிலில் நடுவில் நாய். வெர்லினுக்கு அவருடைய மனைவி கிடைத்தது வருடத்துக்கு ஏழு சனிக்கிழமைகள், அந்தப் பலகையில், டெல்பர்ட் க்ரூட்டின் தயவில்.

இதை வெளியே சொல்ல முடியுமா? மார்லிஸிடம்தான் சொல்ல முடியுமா? அவர் செத்தாலும் சொல்லமாட்டார். ஆகவே வேறு காரணம் கண்டுபிடித்தார்.

“பதினெட்டுக் கோடி டாலர்!” என்றார் காலை உணவு மேசையில். “நூலகத்துல மழை பேஞ்சா அலமாரிக்கு அலமாரி வாளி வைக்கிறான். இங்க பின்பக்கத்துக்குச் சூடு வைக்கப் பதினெட்டுக் கோடியா?”

“நீ எப்பய்யா நூலகத்துக்குப் போன?” என்றாள் மார்லிஸ், ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி.

“அது முக்கியமில்ல. கொள்கைன்னு ஒண்ணு இருக்கு.”

கொள்கையைக் கடிதமாக எழுதி ஊர்ப் பத்திரிகைக்கு அனுப்பினார். அவர்கள் முதல் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. பொருளாதாரப் பேராசிரியர், ஸ்டேடியத்தில் போட்ட பணம் எந்த ஊரிலும் திரும்பி வந்ததில்லை என்றார். முடிதிருத்துபவர், ஆட்டமில்லாவிட்டால் இந்த ஊருக்கு யார் வருவார்கள், பொருளாதாரத்தைப் பார்க்கவா வருவார்கள் என்று கேட்டார். இரண்டு பேரும் சொன்னது நியாயமாக இருந்ததால் நாங்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து சண்டை போட்டோம்.

எதிர்ப்பைக் கண்ட பல்கலைக்கழகம் தன் வழக்கப்படி ஒரு குழுவை அமைத்தது. ‘பார்வையாளர் வசதிக் குழு’. அதில் பொதுமக்களும் உண்டு.

“என்னைக் கூப்பிட்டிருக்காங்க. ஒத்துக்கிட்டேன்” என்றாள் மார்லிஸ்.

வெர்லினின் கரண்டி சூப்பில் விழுந்தது. “எதிரி முகாமுக்கா?”

“நாப்பது வருஷமா அந்தப் பலகையில என் பின்பக்கம் மரத்துப்போய்க் கிடக்கு. உனக்கு ஜீன்ஸுக்குள்ள கம்பளிக் கால்சட்டை. எனக்கு என்ன இருந்துச்சு? யாராவது ஒருத்தர் போய்க் கேக்கணும்ல?”

“கேளு, கேளு. தங்கத்துல செஞ்சு தருவாங்க.”

“தந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன்.”

செவ்வாய்க்கிழமைதோறும் அவள் லிப்ஸ்டிக் பூசிக்கொண்டு குழுவுக்குப் போனாள். திரும்பி வந்தால் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். வெர்லினும் கேட்கமாட்டார். மரத்துப்போயிருந்தது என்று சொன்னாளே, அதுதான் அவருக்குள் முள்ளாகக் குத்தியது. தனக்குச் சொர்க்கமாக இருந்த இடம் அவளுக்கு ஐஸ்கட்டியாக இருந்திருக்கிறது. இத்தனை வருடமும் அவள் சாய்ந்தாளா, சாய்க்கப்பட்டாளா?

ஒரே வழிதான் இருந்தது. பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசித் திட்டத்தைக் கவிழ்ப்பது. ஒரு வாரம் புள்ளிவிவரம் சேர்த்தார். பெயர் கொடுத்தார். ஆனால் அவருக்கு முன்னால் பேசிய பொருளாதாரப் பேராசிரியர் அத்தனை புள்ளிவிவரத்தையும் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். வெர்லின் மைக்கின் முன்னால் வெறுங்கையோடு நின்றார்.

“அந்தப் பலகை...” என்று ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் காலேஜ்ல இருந்தப்ப ஒரு ஆட்டம். பனின்னா பனி, எதிர்ல இருக்கிறவன் தெரியல. நான் கையுறை கொண்டு போகல. பக்கத்துல ஒரு பொண்ணு. யாருன்னு தெரியாது. அந்தப் பக்கத்துலேர்ந்து டெல்பர்ட்... அப்பவே அவன் அப்படித்தான்... வந்து உட்கார்ந்தான். அவ என்மேல வந்து மோதினா. மன்னிப்புக் கேக்கல. தன்னோட போர்வையில பாதியை எடுத்து என் முழங்காலுக்கு மேல போட்டா. பூச்சி உருண்டை வாசனை. ‘காத்தை மறைச்சு உட்காரு’ன்னா. அவ்வளவுதான். நான் இன்னைக்கு வரைக்கும் மறைச்சுக்கிட்டுதான் உட்கார்ந்திருக்கேன்.”

தூங்கியவர்கள் எழுந்தார்கள்.

“அன்னைக்குத் தோத்துட்டோம். எவ்வளவுல தோத்தோம்னு தெரியாது. பனியில ஸ்கோர் போர்டு தெரியல. நான் அந்தப் பக்கம் பார்க்கவும் இல்ல. இடைவேளையில ஒருத்தரும் எந்திரிக்கல. ஒருத்தர் எந்திரிச்சா வரிசைக்கே குளிரும். இப்பல்லாம் அது... அந்த மாதிரி ஒரு இடத்தைப் பிடுங்கிட்டு... சரி, நான் உட்கார்றேன்.”

எங்கள் ஊரே அழுதது. நானும் மூக்கைச் சிந்தினேன். ஜலதோஷம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன், அவரும் தனக்கு அதேதான் என்றார். மார்லிஸ் குழுவினரோடு மேடையோரம் உட்கார்ந்து தன் கைப்பையின் கொக்கியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

அப்போது டெல்பர்ட் க்ரூட் எழுந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“வெர்லின் சொன்னது நூத்துக்கு நூறு! இப்படிப்பட்ட ஸ்டேடியத்தை வானம் பார்த்துத் துருப்பிடிக்க விடலாமா? நம்ம பேரப்பிள்ளைங்களுக்கும் இந்த மாதிரி நினைவு வேணாமா? பாக்கிப் பணத்துல பாதியை என் ஆலை குடுக்குது!”

கைதட்டல் ஓய்வதற்குள் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. முதலில் போட்ட திட்டத்தைவிட ஒரு அடுக்கு கூடுதலாக.

மறுநாள் வெர்லின் விளையாட்டுத் துறை இயக்குநரின் அறைக்குள் புயலாக நுழைந்தார். “நான் எதிர்த்துப் பேசினேன்யா!”

“அற்புதமாப் பேசினீங்க டாக்டர். நிதி திரட்டுற வீடியோவுல அதைத்தான் போட்டிருக்கோம். பின்னணியில வயலின்.”

“அதை எடுங்க.”

“எடுக்க முடியாதே! ரெண்டு மாநிலம் தாண்டிப் போயிடுச்சு. அழுதுக்கிட்டே பணம் அனுப்பறாங்க.”

“நான் பத்திரிகைக்கு மறுப்பு எழுதுவேன்.”

“எழுதுங்க டாக்டர். உங்க எழுத்துக்கு நல்ல வரவேற்பு இருக்கு” என்றார் இயக்குநர், மனதார.

மறுப்பும் எழுதினார். ‘எளிய மனிதரின் தன்னடக்கம்’ என்று தலைப்புக் கொடுத்துப் போட்டார்கள். அந்த வாரம் வசூல் இன்னும் ஏறியது.

பலகைகளைப் பிடுங்கினார்கள். நினைவுப் பொருளாக வேண்டியவர்கள் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தார்கள். வெர்லின் முதல் ஆளாகப் போய் முப்பத்தொன்றாம் வரிசையிலிருந்து தங்கள் துண்டை வாங்கி, பின்கட்டுத் தோட்டத்தில் இரண்டு கட்டைமேல் நிறுத்தினார். ஒரு அக்டோபர் மாலை, வானொலியில் வெளியூர் ஆட்டத்தின் வர்ணனையை வைத்துவிட்டு மார்லிஸைக் கூப்பிட்டார்.

“சும்மா, பழைய ஞாபகத்துக்கு.”

அவள் வந்து ஒரு ஓரத்தில் உட்கார்ந்தாள். அவர் இன்னொரு ஓரத்தில். நடுவில் தாராளமாக இடம். தள்ளுவதற்கு டெல்பர்ட் இல்லாத பலகையில், காரணமில்லாமல் ஒருவர் பக்கம் ஒருவர் நகர்வது எப்படி என்று இருவருக்குமே தெரியவில்லை. வெர்லின் தொண்டையைச் செருமினார். மார்லிஸ் ஸ்வெட்டர் பொத்தானைப் பார்த்தாள். நாய் வந்து நடுவில் ஏறி உட்கார்ந்தது.

“இங்க குளிருது” என்று சொல்லி அவள் உள்ளே போனாள்.

ஒரு வருடம் கழித்து ஸ்டேடியம் திறந்தது. எங்கு பார்த்தாலும் கண்ணாடி. டெல்பர்ட் க்ரூட் மேலே ஒரு கண்ணாடி அறைக்குக் குடிபோய்விட்டார். அங்கே சோபா, சுடச்சுட மக்காச்சோளச் சூப், இடிக்க ஆளே இல்லை. அங்கிருந்து கீழே பார்த்து ஏக்கத்தோடு கையசைத்தார். ராட்சதத் திரையில் வயலின் பின்னணியில் வெர்லினே வெர்லினைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

“வா, அந்தக் கொடுமையைப் பார்க்காத” என்று மார்லிஸ் படியேறினாள்.

முப்பத்தொன்றாம் வரிசை. நாற்காலிகள் பச்சை நிறத்தில், ஆளுக்கொரு தீவாக, கைப்பிடி வைத்து அணிவகுத்து நின்றன. பழைய வரிசைக்காரர்கள் அவரவர் தீவில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் பேசுவதா வேண்டாமா என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெர்லின் உட்கார்ந்தார். இருக்கை சூடாக இருந்தது. அது சுகமாக இருந்ததில் அவருக்குக் கோபம் இன்னும் அதிகமானது. ஏதாவது குறை கிடைக்காதா என்று தடவிப் பார்த்தார். சாய்மானம் உறுதி. காபிக் குழி ஆழம். இடது கைப்பிடி அசையவில்லை. வலது கைப்பிடி...

கை காற்றில் விழுந்தது.

குனிந்து பார்த்தார். அவருக்கும் மார்லிஸுக்கும் நடுவில் கைப்பிடியே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு ஓட்டைகளைச் சின்ன மூடி போட்டு அடைத்திருந்தார்கள்.

“ஹா!” என்று துள்ளி எழுந்தார் வெர்லின். பல மாதங்களுக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. “பாரு! பாருங்கடா! பதினெட்டுக் கோடி டாலர்! ஒரு கைப்பிடி மாட்ட வக்கில்ல!”

“வெர்லின், உட்காரு.”

“எப்படி உட்கார்றது? இதைத்தானே நான் முதல்லேர்ந்து சொல்றேன்? பணத்தைக் கொட்டிக் கட்டினா இப்படித்தான்! போட்டோ எடு. நாளைக்குப் பத்திரிகையில போடறேன்.”

“ஒரு கைப்பிடிதானே, விடேன்.”

“விடறதாவது! இப்பவே மாட்டிட்டுத்தான் ஆட்டம் ஆரம்பிக்கணும். ஏம்மா! இங்க வா!”

மார்லிஸின் முகம் கழுத்துவரை சிவந்தது. அவள் மைதானத்தை உற்றுப் பார்த்தாள். அங்கே இன்னும் ஒருவர்கூட இறங்கியிருக்கவில்லை.

மஞ்சள் சட்டை போட்ட இருக்கை காட்டும் பெண்மணி மூச்சிரைக்கப் படியேறி வந்தார். ஊருக்குப் புதியவர்போல, யாரையும் தெரிந்த மாதிரி இல்லை. இருக்கை எண்ணைப் பார்த்தார், ஓட்டைகளைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

“ஐயோ, இது விட்டுப்போனது இல்ல சார், வேணும்னே கழட்டினது, வசதிக் குழுவுல யாரோ ஒரு அம்மா, சூடு இல்லாட்டாலும் பரவாயில்ல, இந்த ரெண்டு சீட்டுக்கு நடுவுல மட்டும் கைப்பிடி வரவே கூடாதுன்னு ஒரு வருஷமா ஒத்தைக் கால்ல நின்னாங்களாம்!”